விளையாட்டு வீரரின் குடிப்பழக்கம் எதுவரை செய்தி?

நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தமிழ் விளையாட்டுச் செய்தித் தளத்தில் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன், தளத்தின் பெயர் வேண்டாம். நேற்று மாலையிலிருந்து ஒரு விஷயத்தில் எடிட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே பத்திரிகை அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் கைக்கு இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று, மொபைலில் எடுத்த வீடியோ. முன்னாள் ரஞ்சி ஆட்டக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்ற ஒரு ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்க்கிறார், முடியவில்லை, வேட்டி நழுவுகிறது. எடுப்பவர் பக்கத்திலிருந்து "அண்ணே, அந்தக் கவர் டிரைவை ஒருதடவை காட்டுங்கண்ணே" என்று ஒரு குரல், கூடவே சிரிப்பு. இன்னொன்று, அதே ஆளின் பெயரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தின் அட்மிஷன் சீட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தது. அனுப்பிய நம்பர் யாருடையது என்று தெரியாது. மையத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம்.

எடிட்டரின் வாதங்கள் இவை. முன்னாள் இந்திய கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளி நடக்க முடியாமல் தடுமாறிய வீடியோவை 2024-இல் நாடே போட்டதே, யாருக்கு என்ன ஆச்சு என்கிறார். அப்புறம், இந்த ஆள் இப்போது ஓர் அகாடமியில் சின்னப் பையன்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறார், பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா என்கிறார். அவ்வளவு பயமாக இருந்தால் பெயர் போடாமல் கிசுகிசுவாக எழுது, "இடது கை ஆட்டக்காரர், ஒரு காலத்தில் இந்திய அணியின் கதவைத் தட்டியவர்" என்று விட்டுவிடு, புரிகிறவனுக்குப் புரியும் என்கிறார்.

பெற்றோர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற இரண்டும் தப்பு என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் தப்பு என்று அவர் வாயடைக்கிற மாதிரி சொல்ல வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? நாளை மறுநாள்வரை டைம் வாங்கியிருக்கிறேன்.

பழையடெஸ்க்:

தம்பி, உங்கள் எடிட்டர் காம்ப்ளியை முன்னுதாரணமாகச் சொல்கிறார். எனக்கு அது நேர் எதிரான பாடமாகத்தான் படுகிறது.

2024 ஆகஸ்டில் அந்த வீடியோ வந்தபோது எத்தனை சேனல்கள் "போதையில் தள்ளாடும் காம்ப்ளி" என்ற ரீதியில் தம்ப்நெயில் போட்டன என்று நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 3 அன்று சிவாஜி பார்க்கில் அவருக்கும் சச்சினுக்கும் கோச்சாக இருந்த அச்ரேகரின் நினைவுச் சின்னத் திறப்பு விழா, காம்ப்ளி சச்சினின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரே, அதற்கும் அதே தொனி. டிசம்பர் 21 அன்று தானே பக்கத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீர்த் தொற்று, தசைப்பிடிப்பு என்று போனவருக்கு மூளையில் ரத்தக்கட்டு இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் குடித்தார் என்பதில் ரகசியம் ஏதுமில்லை, அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நாளில், அந்த நடையில் இருந்தது குடியா, நோயா, தலைப்பு போட்டவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? பழைய குடி உண்மை, ஆகவே இன்றைய தடுமாற்றமும் குடிதான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம். அப்புறம் ரத்தக்கட்டு என்று தெரிந்ததும் அதே சேனல்கள் "கலங்க வைக்கும் காட்சி" என்று அதே வீடியோவை மறுபடி ஓட்டின. 17 டெஸ்டில் சராசரி 54.20 வைத்திருந்த ஆள் அவர், அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதம் அடித்தவர், அதையெல்லாம் இடையில் ஒரு வரி சேர்த்தால் அனுதாபச் செய்தி ஆகிவிடுமாம். அவருடைய நண்பர் ஒருவர் அவர் எத்தனை முறை மறுவாழ்வு மையம் போனார் என்ற கணக்கைக்கூடப் பத்திரிகையில் சொன்னார், எல்லாரும் அதைத் தலைப்பில் தூக்கி வைத்தார்கள். அந்த எண் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதப்போவதில்லை.

சரி, முறை என்று கேட்டீர்கள். எங்கள் காலத்தில் எழுதி வைத்த விதி ஏதும் இல்லை. நான் கடைப்பிடித்தது ஒன்றுதான்: செய்தி உண்மையா என்று பார்ப்பதற்கு முன்னால் அது எந்த வழியாக என் மேசைக்கு வந்தது என்று பார்ப்பேன். கோர்ட் உத்தரவில் வந்ததா, ஊக்கமருந்துச் சோதனை முடிவில் வந்ததா, அவரே சொன்னாரா, இல்லை சிகிச்சைக்கென்று நம்பிப் போன இடத்திலிருந்து கசிந்ததா. கடைசி வழியில் வந்தது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் அது திருட்டுச் சரக்கு.

ஜாஷ் ஹாமில்டன் என்று ஓர் அமெரிக்க பேஸ்பால் வீரர். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1999-இல் முதல் ஆள், போதையில் சில வருடங்கள் தொலைந்து, திரும்பி வந்து, 2010-இல் அமெரிக்கன் லீக்கின் எம்விபி, அதாவது அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் ஆனவர். 2015-இல் மறுபடி சறுக்கிவிட்டார். யாரும் பிடிக்கவில்லை, சோதனையில் மாட்டவில்லை, தானாகவே லீக்கிடம் போய்ச் சொன்னார். அங்கே வீரர் சங்கமும் லீக்கும் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி இந்தச் சிகிச்சை விவரமெல்லாம் ரகசியம். சில நாட்களில் பத்திரிகையில் வந்துவிட்டது. வீரர் சங்கம் கசிவைக் கடுமையாகக் கண்டித்தது, அவருக்குக் கெடுதல் நினைக்கிறவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்றது. ஏப்ரலில் நடுவர் அவரை சஸ்பெண்ட் செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகும் அவர் இருந்த ஏஞ்சல்ஸ் அணி அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை, பழைய டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கே அனுப்பிவிட்டது. 5 வருடம், 12.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இன்னும் நிறையப் பாக்கி இருந்தது. அந்தக் கசிவால் யாருக்கு என்ன லாபம் என்று அந்த நிருபர்கள் அப்போதே தங்களைக் கேட்டிருக்க வேண்டும். கசிய விட்டது யார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு அட்மிஷன் சீட்டு தானாக நடந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு வராது. அனுப்பியவருக்கு அந்த ஆள்மேல் என்ன காட்டம், அகாடமியில் அந்த இடத்துக்கு யார் வரப் பார்க்கிறார்கள், இதைத்தான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் வேறு ஒரு செய்தி கிடைத்தாலும் கிடைக்கும்.

கிசுகிசு யோசனைக்கு ஒரே வரி. "இடது கை, கதவைத் தட்டியவர்" என்று எழுதினால், அந்தக் காலத்தில் இடது கையால் ஆடிய எல்லார் வீட்டிலும் அன்று காலை சொந்தக்காரர்கள் போன் போட்டு "என்னப்பா, உன்னையா?" என்று கேட்பார்கள்.

டீப்மிட்விக்கெட்:

பழையடெஸ்க் சார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துப்போகிறது. நான் ரசிகன், பத்திரிகைக்காரன் இல்லை, அதனால் ரசிகன் பக்கமிருந்து பேசுகிறேன்.

"தனிப்பட்ட காரணம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 2025 ஏப்ரல் 3 அன்று தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா ஐபிஎல் நடுவில் குஜராத் டைட்டன்ஸை விட்டு ஊருக்குப் போனார், முக்கியமான தனிப்பட்ட விஷயம் என்றார்கள். பாவம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். சரியாக ஒரு மாதம் கழித்து மே 3 அன்று, கேளிக்கைக்குப் பயன்படுத்தும் போதைப்பொருள் சோதனையில் மாட்டி இடைக்காலத் தடையில் இருப்பதாக அவரே அறிக்கை விட்டார். சில நாளிலேயே தடையும் முடிந்துவிட்டது, ஆடவும் வந்துவிட்டார், ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் 9 விக்கெட்டும் எடுத்தார். நல்லது, சந்தோஷம். ஆனால் இடையில் ஒரு மாதம் டிக்கெட் வாங்கியவன், ஃபேன்டசி டீம் போட்டவன், எதிரணி, எல்லாரும் பொய்யை நம்பிக்கொண்டிருந்தோம் இல்லையா? தடை என்பது விளையாட்டு நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கை. அதை ஒரு நிருபர் மோப்பம் பிடித்து எழுதியிருந்தால் அவரை நான் திட்டியிருக்க மாட்டேன்.

அலெக்ஸ் ஹேல்ஸும் இதே கதைதான். 2019-இல் இந்த இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஆடாததற்கு அவருடைய கவுன்டி அணி நாட்டிங்காம்ஷயர் "தனிப்பட்ட காரணம்" என்றது. கார்டியன் பத்திரிகை எழுதிய பிறகுதான் போதைப்பொருள் சோதனையில் இரண்டாவது முறை சிக்கி 21 நாள் தடையில் இருக்கிறார் என்று தெரிந்தது. உலகக் கோப்பைக்கு ஒரு மாதமும் சில நாட்களும்தான் இருந்த நேரம். கார்டியன் எழுதியது தப்பா? இங்கிலாந்து அணிக்குத் தேர்வான ஆள் ஏன் ஆடவில்லை என்று கேட்க அந்த நாட்டு மக்களுக்கு உரிமை இல்லையா?

மூடி மூடி வைத்ததால்தான் பாகிஸ்தானின் முன்னாள் கேப்டன் வசீம் அக்ரம் மாதிரி ஆட்கள் கொகெய்னோடு பல வருடங்கள் தனியாகப் போராடினார்கள் என்றும் ஒரு வாதம் வைக்கலாம்.

பழையடெஸ்க்:

வைக்கலாம், ஆனால் வசீம் அக்ரம் உங்கள் பக்கம் சாட்சி சொல்ல மாட்டார். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கம் வந்ததையும், மனைவி ஹுமா கண்டுபிடித்ததையும், சிகிச்சைக்குப் போனதையும் 2022-இல் வந்த தன்வரலாற்றில் அவரேதான் எழுதினார். ஹுமா இறந்தது 2009 அக்டோபரில், நம் சென்னையில், சிங்கப்பூர் போகிற வழியில். அவர் போன பிறகு பழக்கத்தை விட்டதாகச் சொல்கிறார். பதின்மூன்று வருடம் கழித்து, தனக்குச் சரி என்று பட்ட நேரத்தில், மனைவியின் பங்கு என்ன என்பதோடு சேர்த்து முழுக் கதையாகச் சொன்னார். 2008-இல் யாராவது எக்ஸ்க்ளூசிவ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்லது நடந்திருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

ஹேல்ஸ் விஷயம் சிக்கலானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். இங்கிலாந்தில் சோதனை முடிவை ரகசியமாக வைக்கும் அந்தக் கொள்கை சும்மா வரவில்லை. சர்ரே வீரர் டாம் மேனார்ட் 2012-இல் ரயில் பாதையில் இறந்தார், விசாரணையில் போதைப்பொருள் எடுத்திருந்தது தெரியவந்தது. அடுத்த வருடமே வீரர் சங்கத்தின் சம்மதத்தோடு முடியை எடுத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வீரர்கள் அதற்குத் தலையைக் கொடுத்ததே ரகசியம் காக்கப்படும், முதல் தடவை உதவிதான் கிடைக்கும் என்ற வாக்கை நம்பித்தான். அந்த வாக்கு உடைந்தால் அடுத்த பையன் தானாக வந்து சொல்ல மாட்டான். ஹேல்ஸ் செய்தி வெளியான சில நாளிலேயே அணியிலிருந்து நீக்கினார்கள், நம்பிக்கை போய்விட்டது என்றார் கேப்டன் மார்கன். தடை அவருடைய வாய்ப்பைப் பாதிக்காது என்று உறுதி கொடுத்திருந்தார்களே என்று ஹேல்ஸ் தரப்பு புலம்பியது. அப்புறம் மூன்று வருடத்துக்கும் மேல் இங்கிலாந்துக்கு ஆடவில்லை. திரும்பி வந்து 2022 டி20 உலகக் கோப்பையின் அடிலெய்டு அரையிறுதியில் நம்மைப் போட்டு வெளுத்தது தனிக் கதை, 47 பந்தில் 86, அதை மறக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொன்று, ஹேல்ஸையோ ரபாடாவையோ போதைக்கு அடிமை என்று யாரும் சொல்லவில்லை. ஒருதடவை எடுத்தவரையும் நோயாக முற்றியவரையும் ஒரே தலைப்பில் அடைப்பது நம் டெஸ்க்குகளின் பழைய வியாதி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே 2021 முதல் இதைப் பிரித்துப் பார்க்கிறது. கொகெய்ன், ஹெராயின், எம்டிஎம்ஏ, கஞ்சா இவற்றைப் போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்ததாக நிரூபித்தால் மூன்று மாதம் தடை, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதம்தான். ரபாடா ஒரே மாதத்தில் வந்தது அப்படித்தான். தடை போட்டால் அதை அறிவித்துவிட வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம், அதை வாரியத்திடம் கேளுங்கள். விதியை மாற்றச் சொல்லி எழுதுவது ஒன்று, விதிப்படி ரகசியமாக இருப்பதைப் பின்வாசலில் வாங்கி எழுதுவது வேறு.

டீப்மிட்விக்கெட்:

வாரியத்திடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களாக்கும்! சரி சார், பின்வாசல் பற்றி இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, எத்தனையோ ஊழல்கள் பின்வாசல் வழியாகத்தான் வெளியே வந்திருக்கின்றன.

கீழ்க்கோர்ட்டு:

வக்கீல் பக்கமிருந்து கொஞ்சம். இது சட்ட ஆலோசனை இல்லை, தளத்துக்கு ஒரு வக்கீல் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

டீப்மிட்விக்கெட் கேட்டதற்கும் பழையடெஸ்க் சொன்னதற்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டிய வழக்கு ஒன்று உண்டு. ஆள் விளையாட்டு வீரர் இல்லை, மாடல் நவோமி கேம்ப்பெல். தான் போதைப்பொருள் தொடுவதே இல்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். 2001 பிப்ரவரியில் லண்டனின் டெய்லி மிரர் பத்திரிகை, அவர் அடிமைப்பட்டிருக்கிறார், போதையிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறார் என்று, கூட்டத்திலிருந்து வெளியே வரும் படத்தோடு போட்டது. வழக்கு மூன்று படி ஏறி 2004 மே மாதம், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் 3க்கு 2 என்று அவருக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பின் நுணுக்கத்தைப் பாருங்கள். அவர் பொய் சொன்னதால், அடிமைப்பட்டிருக்கிறார், சிகிச்சை பெறுகிறார் என்ற அளவை வெளியிடப் பத்திரிகைக்கு உரிமை உண்டு. எந்த மாதிரிச் சிகிச்சை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வாசலில் நின்ற படம், இதெல்லாம் மருத்துவ ரகசியம் மாதிரி, அதற்கு உரிமை இல்லை. படம் எடுத்தது நடுத்தெருவில்தான், ஆனாலும் எடுபடவில்லை. இழப்பீடு வெறும் 3,500 பவுண்ட், பத்திரிகைக்கு வக்கீல் செலவுதான் கழுத்தை நெரித்தது.

நம் ஊருக்கு வருவோம். ஆட்டோ சங்கர் தன்வரலாறு விஷயமாக நக்கீரன் ஆசிரியர் போட்ட ராஜகோபால் வழக்கு, 1994. வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று பத்திரிகைக்குச் சாதகமாகச் சொன்ன அதே தீர்ப்புதான், தனிமனிதனின் குடும்பம், மணவாழ்க்கை போன்றவற்றை அவன் சம்மதம் இல்லாமல் எழுதினால் அது உண்மையாகவே இருந்தாலும் நஷ்ட ஈடு கொடுக்க நேரும் என்றும் சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருந்தால் அது வேறு. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள்.

அட்மிஷன் சீட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. அந்தச் சட்டத்தில் மனநோய் என்பதன் விளக்கத்துக்குள் மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளும் அடங்கும், இது பலருக்குத் தெரியாது. பிரிவு 24 என்ன சொல்கிறது என்றால், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படமோ வேறு எந்தத் தகவலுமோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கப்படக் கூடாது. டிஜிட்டல் வடிவில் இருந்தாலும் அப்படியே. அதாவது உங்களுக்கு அதை அனுப்பியவர் மையத்து ஆளாக இருந்தால் சட்டத்தை மீறிவிட்டார். நீங்கள் தெரிந்தே அதை வெளியிட்டால், உங்கள் பங்கு என்ன என்று கோர்ட்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். காம்ப்ளி விஷயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது வழக்குப் போட ஆள் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. பிரஸ் கவுன்சில் கண்டிக்க மட்டும்தான் முடியும், அதுவும் அச்சுப் பத்திரிகையைத்தான்.

வெள்ளைக்கோட்டு:

நான் ஒரு மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலர், ஊர் பெயர் வேண்டாம். வீடியோவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் விவரித்த காட்சியில் இருப்பவர் குடித்திருக்கிறார் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? சுகர் திடீரென்று இறங்கினால் இதே மாதிரிதான் தள்ளாடுவார்கள், பேச்சும் குழறும். பல வருடம் குடித்தவர் நிறுத்திய முதல் சில நாட்களில் கை நடுங்கும், நிலை தடுமாறும், ஆள் குழம்பிப் போவார், அது குடிக்காததால் வருவது. கல்லீரல் கெட்டிருந்தால் ஒரு சொட்டுக் குடிக்காமலே அப்படி ஆவார்கள். பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது. இங்கே கவர் டிரைவ் கேட்டிருக்கிறார்கள்.

காம்ப்ளி செய்தி ஓடிய நாட்களில் எங்கள் மையத்தின் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். குழு அமர்வில் யாரும் அவருடைய பேட்டிங்கைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர், ஊரில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், "எங்க தெருவுல எவனாவது என்னையும் இப்படி எடுத்து வச்சிருப்பானா மேடம்" என்று கேட்டார். இன்னொருவர் ரிஜிஸ்டரில் தன் பெயருக்குப் பதில் அண்ணன் பெயரை எழுதியிருந்தார், அன்று மாலை வந்து மாற்ற வேண்டாம் என்று கெஞ்சினார். ஒரு பிரபலத்தைப் பற்றிய செய்தியில் அடிபடுவது அந்தப் பிரபலம் மட்டும் என்று டெஸ்க்கில் இருப்பவர்கள் நினைக்கிறீர்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் ஏன் முழுப் பெயர் சொல்வதில்லை என்று ஒருதடவை யோசியுங்கள்.

பால் கேஸ்காய்ன் என்று இங்கிலாந்து கால்பந்து வீரர். குடிநோயோடு அவர் பட்ட பாடு ஊரறிந்தது. தன் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், போனை மாற்றி மாற்றிப் பார்த்தார், சிகிச்சை கொடுத்தவரிடமும் சொன்னார். வீண் சந்தேகம், அது நோயின் குணம் என்று அவரை நம்பவில்லை. 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் மிரர் குழுமப் பத்திரிகைகள் அவர் வாய்ஸ்மெயிலை உண்மையிலேயே ஒட்டுக் கேட்டது நிரூபணமாகி 1,88,250 பவுண்ட் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்குகிற வழக்கு. அவர் சொன்னது அத்தனையும் நிஜம், நாங்கள் அதை நோயின் அறிகுறி என்று குறித்து வைத்திருப்போம்.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. அட்மிட் ஆன முதல் வாரத்தில் ஒருவரிடம் மைக்கை நீட்டினால் எதற்கும் சரி என்பார், அழுவார், எல்லாவற்றையும் கொட்டுவார். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதைப் பார்த்துவிட்டு வெளியே தலை காட்ட மாட்டார். கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் 2005 நவம்பரில் மஞ்சள் பூத்த உடம்போடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த படத்தை, என்னைப் போல் சாகாதீர்கள் என்ற செய்தியோடு தானே வெளியிடச் சொன்னார். ஐந்து நாளில் இறந்துவிட்டார், வயது 59. அவர் எடுத்த முடிவு அது, அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனாலும் அந்தப் படத்தை விழிப்புணர்வு போஸ்டர்களில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பயமுறுத்தி யாரையும் குடியை விட வைத்து நான் பார்த்ததில்லை, பயந்தவர்கள் ஒளிந்துகொண்டு குடிப்பார்கள்.

ஸ்லிப்பில்நிற்பவன்:

எல்லாரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கிலாந்து கால்பந்து வீரர் ஐவன் டோனி பிரென்ட்ஃபோர்டு அணிக்கு ஆடியபோது சட்டை நெஞ்சில் ஒரு சூதாட்டக் கம்பெனிப் பெயர். 2023-இல் 232 பந்தய விதிமீறல்களுக்காக எட்டு மாதத் தடை வாங்கினார், அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பது மருத்துவரால் உறுதி செய்யப்பட்டதாலும் தடையைக் குறைத்தார்கள் என்று எஃப்ஏ (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) குழுவின் தீர்ப்பிலேயே இருக்கிறது. இது வெளிப்படையாக எழுத வேண்டிய செய்தி, ஒளிக்க ஒன்றுமில்லை, தீர்ப்பே பொதுவில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் எத்தனை பேர் சட்டையைப் பற்றியும் எழுதினார்கள்? நம் ஊரில் ஒரு ஐபிஎல் அணியின் பெயரே விஸ்கி பிராண்டிலிருந்து வந்தது. மது விளம்பரம் கூடாது என்பதால் சோடா, மியூசிக் சிடி என்று வேறு பெயரில் வரும். உங்கள் தளத்தில் அந்த விளம்பரம் ஓடுகிறதா நைட்ஷிஃப்ட்? எடிட்டரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

நைட்ஷிஃப்ட்:

ஓடுகிறது. கேட்க மாட்டேன், இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

எல்லாருக்கும் நன்றி. சீட்டைத் தொடப்போவதில்லை என்று எடிட்டரிடம் பிரிவு 24-ஐக் காட்டிச் சொன்னேன், சட்டப் பிரிவு எண்ணைக் கேட்டதும் மனிதர் கொஞ்சம் இறங்கினார். வீடியோவுக்கு வெள்ளைக்கோட்டு அக்கா சொன்ன சுகர் விஷயத்தைச் சொன்னேன், "அப்போ அவரிடமே போன் போட்டுக் கேட்டுவிடு, மறுத்தால் மறுத்தார் என்று போடலாம்" என்கிறார். அகாடமிக் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழையடெஸ்க்:

போன் போடுவதிலும் ஜாக்கிரதை. கருத்துக் கேட்பது நம் கடமை என்று படித்திருப்போம், ஆனால் அந்தப் போன்காலே சில நேரம் கத்தியாகிவிடும். அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கு ரத்தம் ஏற்றியதில் எச்ஐவி வந்தது, 1988-லேயே அவருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் எல்லாரும் காத்தார்கள். 1992 ஏப்ரலில் யுஎஸ்ஏ டுடே உறுதிப்படுத்தக் கேட்டு அழைத்தது. அழைப்பு வந்த பிறகு அவருக்கு வேறு வழி இல்லை, மறுநாளே பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து அவரே சொல்ல வேண்டியதாயிற்று. "மறுத்தார்" என்று போட்டால் மறுத்ததே செய்தியாகிவிடும். வீட்டு நம்பருக்குக் கண்டிப்பாகப் போடாதீர்கள், மனைவியோ அம்மாவோ எடுப்பார்கள். ரக்பி வீரர் கேரத் தாமஸ் தன் எச்ஐவி பற்றிப் பெற்றோரிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு நிருபர் வாசலில் போய் நின்று அவர்களிடம் சொல்லிவிட்டார் என்று அவரே வேதனையோடு பேசியிருக்கிறார்.

அகாடமி விஷயம் இதில் உண்மையான பொதுநலக் கேள்வி, எடிட்டர் அதில் சரி. ஆனால் அதற்கு வீடியோவும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். பையன்கள் முன்னால் குடித்துவிட்டு வந்திருக்கிறாரா, யாராவது பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்களா, அகாடமி என்ன செய்தது, வேனில் பையன்களை அவர் ஓட்டிப் போகிறாரா, இதை விசாரியுங்கள். ஆம் என்றால் அது அகாடமியைப் பற்றிய செய்தி, பெயரோடு போடலாம், நான் போடுவேன். இல்லை என்றால், சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலைக்கு வருகிற ஒருவரின் பிழைப்பில் கை வைக்க நமக்கு வேலை இல்லை.

டீப்மிட்விக்கெட்:

இதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் பெற்றோராக இருந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றுதான் நினைப்பேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வெள்ளைக்கோட்டு:

நினைப்பது இயல்புதான் அண்ணா. அப்படித் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால்தான் கோச், டிரைவர், வாத்தியார் எல்லாரும் கடைசிக் கட்டத்தில் எங்களிடம் வருகிறார்கள். சீக்கிரம் வந்தால் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

நைட்ஷிஃப்ட்:

நாளைக் காலை ப்ராக்டிஸ் நேரத்துக்கு அகாடமி போகிறேன், பெற்றோர் நாலைந்து பேர் வெளியே நிற்பார்கள், அவர்களிடம் பொதுவாகக் கோச்சிங் எப்படி என்று பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். சீட்டு அனுப்பிய நம்பருக்கு "நீங்கள் யார்" என்று கேட்டு மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

கீழ்க்கோர்ட்டு:

பதில் வந்தாலும் போனில் பேசுங்கள், அந்தப் படத்தை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஆபீஸ் க்ரூப்பில் அது இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது?

நைட்ஷிஃப்ட்:

பதினோரு பேர். டிசைனர் ஏற்கெனவே தம்ப்நெயில் செய்து வைத்திருக்கிறார். அதையும் அழிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.